முதலில் தாங்கி, பிறகு விண்கலம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. அதனை அறியாதவர் நம்மில் எவரும் இலர். ஆயினும், பள்ளியில் அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் அவ்வாக்கினை நாம் எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஆளை விஞ்சும் உயரத்தில் ராக்கெட்டும், மேசையை மறைக்கும் நீளத்தில் விண்கலமும் மாதிரியாகச் செய்யப் பிள்ளைகள் புறப்படுகின்றனர். மூங்கிலைப் பிளக்கின்றனர், பழைய நாளேடுகளைப் பசையிட்டு ஒட்டுகின்றனர், வண்ணம் தீட்டுகின்றனர், கொடி வரைகின்றனர். வாரக்கணக்கில் நடந்த இவ்வேலை முடிந்த பிறகு, கண்காட்சிக்கு முந்திய நாள் மாலையில்தான், "இதை எதன்மேல் நிறுத்துவது?" என்னும் வினா பிறக்கிறது. உடைந்த நாற்காலியோ, பிஸ்கட் பெட்டியோ, நான்கு செங்கல்லோ அவசரம் அவசரமாகத் தேடி எடுத்து வரப்படுகின்றன.

இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. பெரிய மாதிரி விண்கலம் ஒன்றைச் செய்யப் புகும் பள்ளி, முதலில் அதன் தாங்கியைத்தான் செய்ய வேண்டும். அவ்வேலையைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். செய்த பிள்ளைகளுக்கு, விண்கலத்தைச் செய்தவர்களுக்கு நிகரான மதிப்பெண்ணும் மதிப்பும் தர வேண்டும். இதனை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. என் தவற்றினால் கற்றேன்.

ஒரு காலை நேரத்து விபத்து

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியொன்றில், நிலவுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மாதிரியைச் செய்வதென முடிவு செய்தோம். உண்மையான ராக்கெட்டின் உயரம் 363 அடி. மூன்று அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டோம். ஆகவே, எங்கள் ராக்கெட்டின் உயரம் 121 அங்குலம், அதாவது பத்தடி ஓரங்குலம். உண்மையான ராக்கெட்டின் அடிப்பகுதி 33 அடி விட்டம் உடையது. எங்களுடையது 11 அங்குலம். வகுப்பில் நன்றாகப் படிக்கும் எண்மரைத் தேர்ந்தெடுத்து ராக்கெட் வேலையை ஒப்படைத்தேன். படிப்பில் பின்தங்கியிருந்த மூவர் தங்களுக்கும் வேலை கேட்டனர். "நீங்கள் கடைசியில் ஒரு பெட்டி அடித்துக் கொடுங்கள், அது போதும்," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மூவரும் கடைசி நாள் மாலையில் கிடைத்த பலகையைக் கொண்டு ஓரடிச் சதுரத்தில் ஒரு பெட்டி அடித்தனர். அதன்மேல் ராக்கெட் நின்றது. மறுநாள் காலை, பெற்றோர் மண்டபத்தில் நிறைந்திருந்த வேளையில், முதலாம் ஆண்டுக் குழந்தை ஒன்று வியப்பு மேலிட்டு அதனைத் தொட்டுப் பார்த்தது. பத்தடி ராக்கெட் அசைந்தது; சாய்ந்தது; நாற்காலி வரிசையின்மேல் விழுந்து இடுப்பில் ஒடிந்தது. நல்ல வேளையாக எவருக்கும் அடிபடவில்லை. ஆனால் எல்லாருடைய கண்களும் பெட்டி அடித்த மூவர்மீது திரும்பின. நானும் அவர்களுள் ஒருவனைக் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்து நின்றான்; ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை, தோட்டப் பட்டறையில் தச்சு வேலை பார்த்த அவனுடைய தந்தை மண்டபத்தைத் துப்புரவு செய்ய உதவிக்கு வந்தார். உடைந்த ராக்கெட்டின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பெட்டியைச் சாணால் அளந்தார். பிறகு மிகவும் பணிவோடு என்னிடம் கேட்டார்:

"வாத்தியார் ஐயா, மேலே பத்தடி என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். கீழே எத்தனை அடி வேண்டும் என்று யார் கணக்குப் போட்டுக் கொடுத்தது?"

என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், உண்மையான ராக்கெட்டுகள் எதன்மேல் நிற்கின்றன என்பதை நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

ராக்கெட்டைப் பிடித்திருந்த கைகள்

1969ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அப்போலோ 11 புறப்பட்ட காட்சியைப் படமாகப் பார்க்காதவர் இருக்கமாட்டார். நெருப்பையும் புகையையும் பார்த்திருப்போம். ராக்கெட்டின் காலடியைப் பார்த்தோமா? எரிபொருள் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 2,900 டன் எடையுள்ள அந்த ராக்கெட்டை நான்கு எஃகுக் கைகள் அடியில் தாங்கி நின்றன. தாங்கியதோடு பிடித்தும் வைத்திருந்தன. ராக்கெட் எழும்புவதற்குச் சில வினாடிகள் முன்னரே அதன் ஐந்து எந்திரங்களும் மூட்டப்பட்டுவிட்டன. எல்லா எந்திரங்களும் முழு வலிமையை அடையும் வரையில் அக்கைகள் பிடியை விடவில்லை. விட்ட பிறகும், ராக்கெட் துள்ளிப் பாய்ந்து குலுங்கிவிடாதபடி, முதல் ஆறு அங்குல உயரத்திற்கு அதனைப் பதமாக இழுத்துப் பிடிக்கும் எஃகு முளைகளும் இருந்தன. சைக்கிள் பழகும் மகனுக்குப் பின்னால் ஓடிவரும் தந்தை, ஒரேயடியாகக் கையை எடுத்துவிடாமல் மெல்ல மெல்ல விடுவதைப் போன்றது அது.

அந்த ராக்கெட்டை அது கட்டப்பட்ட கூடத்திலிருந்து ஏவுமேடைக்குக் கொண்டுசென்றதே தனிக்கதை. நின்ற நிலையிலேயே, அதன் மேடையோடும் கோபுரத்தோடும் சேர்த்து, சங்கிலிச் சக்கரங்கள் பூட்டிய பெரிய ஊர்தி ஒன்று சுமந்து சென்றது. அதன் வேகம் மணிக்கு ஒரு மைல். நாம் நடக்கும் வேகத்திலும் குறைவு. ஏவுமேடையை அடையும் சரிவான பாதையில் ஏறும்போது ஊர்தி சாய்ந்தாலும் அதன் முதுகு சாயாது. ஒரு பக்கத்தைத் தாழ்த்தி, மறுபக்கத்தை உயர்த்தி, ராக்கெட்டை நேராகவே வைத்திருக்கும் அமைப்பு அதற்கு உண்டு. 1960களில் செய்யப்பட்ட அவ்வகை ஊர்தி, 2022ஆம் ஆண்டில் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட்டையும் சுமந்து சென்றது. சாட்டர்ன் 5 கடைசியாகப் பறந்தது 1973ஆம் ஆண்டில். ராக்கெட் போய்விட்டது, சுமந்தது நிலைத்தது.

நம் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு. 1973ஆம் ஆண்டில், ஸ்கைலேப் என்னும் விண்வெளி நிலையத்திற்கு மனிதரை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குச் சாட்டர்ன் 1பி என்னும் சிறிய ராக்கெட்டே போதும். ஆனால் ஏவுமேடையும் கோபுரமும் பெரிய ராக்கெட்டின் உயரத்திற்கு ஏற்பக் கட்டப்பட்டவை. சின்னத் தம்பி அண்ணனுடைய மேசையில் உணவு உண்ண உட்கார்ந்தால் கை எட்டாதல்லவா? அந்த நிலைதான். புதிய கோபுரம் கட்டப் பெரும்பணம் வேண்டும். பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? 128 அடி உயரத்தில் எஃகினால் ஒரு தாங்கியைச் செய்து, அதன்மேல் சிறிய ராக்கெட்டை ஏற்றி நிறுத்தினார்கள். பழைய கோபுரத்தின் கைகள் ராக்கெட்டின் தலைப்பகுதிக்குச் சரியாக எட்டின. அத்தாங்கிக்கு அவர்கள் விளையாட்டாக இட்ட பெயர் "பால்கறக்கும் முக்காலி". நம் தோட்டத்தில் பால் என்றாலே மரத்துப் பால்தான் நினைவுக்கு வரும்; அவர்கள் சொன்னது மாட்டுப் பாலை. 1973ஆம் ஆண்டில் மூன்று முறையும் 1975ஆம் ஆண்டில் ஒரு முறையுமாக நான்கு முறை விண்வெளி வீரர்கள் அந்த "முக்காலி"யின்மேலிருந்து புறப்பட்டனர்.

இடுப்பில் தாங்குவது

தாங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்றும் எண்ண வேண்டா. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர், 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பைக்கோனூரிலிருந்து சோயூஸ் ராக்கெட்டில் புறப்பட்டார். ஏறத்தாழ 50 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அந்த ராக்கெட், ஏவுமேடையில் தன் அடிப்பாகத்தை ஊன்றி நிற்பதில்லை. பெரிய பள்ளத்தின்மேல், நான்கு எஃகுக் கைகள் அதன் இடுப்பைப் பற்றிக்கொள்ள, தொங்கியபடி நிற்கிறது. ராக்கெட் மேலெழுந்ததும், எதிர் எடைகளின் இழுப்பினால் நான்கு கைகளும் மலர் விரிவது போல வெளிப்பக்கம் சாய்ந்து வழிவிடுகின்றன.

இதனைப் படித்தபோது எனக்குத் தைப்பூசக் காவடி நினைவுக்கு வந்தது. ஆள் உயரத்திற்கு மேல் எழும்பி நிற்கும் அலகுக் காவடியின் பாரம் எங்கே இறங்குகிறது? இடுப்பில் கட்டிய பட்டையிலும் தோளிலும் அல்லவா? எடை ஒரு பக்கம் சாயாதபடி கம்பிகளை வளைத்து, நடக்க நடக்கத் தளராதபடி கட்டிக் கொடுப்பவர்கள் யார்? நம் பெரியவர்கள்தாம். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் பொறியியல் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர்கள் செய்வது பொறியியலே.

பிள்ளைகள் போட வேண்டிய கணக்கு

இனி, தச்சர் கேட்ட வினாவுக்கு விடை காண்போம்.

முதலாவது, விண்கலத்தின் எடை எந்த இடத்தில் குவிகிறது என்று அறிய வேண்டும். இதனை ஈர்ப்பு மையம் என்பர். உருண்டையான விளக்குமாற்றுக் கட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் விண்கலத்தைக் குறுக்காகப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். இரு பக்கமும் தாழாமல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு கிழியுங்கள். விண்கலத்தை நிறுத்தும்போது அக்கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடியின் அகலம். எங்கள் ராக்கெட்டில் அக்கோடு நான்கடி உயரத்தில் இருந்தது. பெட்டியின் அகலமோ ஓரடி. இத்தகைய ராக்கெட்டின் உச்சியை ஒன்றேகால் அடி தள்ளினாலே போதும். எடை பெட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும். பிறகு அதனை எவராலும் தடுக்க இயலாது. அதே ராக்கெட்டை நாலடி அகலமுள்ள அடிச்சட்டத்தில் இறுக்கிப் பொருத்தியிருந்தால், உச்சியை நாலரை அடிக்கு மேல் தள்ளினால்தான் விழும். ஒரு குழந்தையின் கை அதைச் செய்ய முடியாது. அடிச்சட்டத்தின் ஓரங்களில் மணல் மூட்டைகளை வைத்தால் இன்னும் நல்லது. எடை கீழே கூடக்கூட ஈர்ப்பு மையமும் கீழே இறங்கும்.

மூன்றாவது, முக்கோணம். நான்கு குச்சிகளை நான்கு ஆணிகளால் சதுரமாக அடித்து, ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்சதுரமாகிவிடும். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக ஒரே ஒரு குச்சியை அடியுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. நான்கு தடித்த கால்களைவிட, மெல்லிய கால்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த தாங்கி உறுதியானது என்பதை இதனால் அறியலாம். மேடுபள்ளமான தரையில் மூன்று கால் ஆடாது. நான்கு கால் ஆடும். ஆனால் அதே அளவு அகலத்தில், மூன்று கால் நான்கு காலைவிட எளிதில் கவிழும். இரண்டையும் செய்து பார்த்துப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

நான்காவது, முதுகெலும்பு. நாளேட்டுத் தாளும் மரவள்ளி மாவுப் பசையும் சேர்ந்தது விண்கலத்தின் தோல்தான். தோல் பாரம் சுமக்காது. நடுவில் ஒரு மூங்கிலோ குழாயோ அடிமுதல் நுனிவரை ஓட வேண்டும். இரண்டடிக்கு ஒன்றாக ஒட்டுப்பலகை வளையங்களை அதில் பொருத்தி, அவ்வளையங்களின்மேல் தோலை ஒட்ட வேண்டும். அந்த மூங்கில் தாங்கியின் அடிச்சட்டத்தில் இறங்கி இறுக வேண்டும். இதற்காகத்தான் தாங்கியை முதலில் செய்ய வேண்டும் என்கிறேன். விண்கலத்தை முழுதும் ஒட்டி முடித்த பிறகு அதற்குள் முதுகெலும்பைச் செருகுவது எவ்வாறு?

ஐந்தாவது, படுத்த நிலையில் வைக்கும் விண்கலம். இதற்கு இரண்டு தொட்டில்கள் வேண்டும். அவற்றை இரு முனைகளிலும் வைத்தால் நடுப்பகுதி தொய்யும். நடுவில் சேர்த்து வைத்தால் முனைகள் தொங்கும். எடை சீராகப் பரவியிருக்குமாயின், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி வைப்பது நலம். பத்தடி விண்கலத்திற்கு, முனையிலிருந்து இரண்டடி. தொட்டிலின் வளைவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் வண்ணம் உரியாது.

ஆறாவது, பெரிதாக்கும்போது வரும் பிழை. சிறிய விண்கலத்திற்குச் செய்த தாங்கியை அப்படியே இருமடங்காக்கினால் போதும் என்று நினைப்பவர் பலர். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால், அதன் எடை எட்டு மடங்காகும். ஆனால் இருமடங்கு தடித்த காலின் குறுக்கு வெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே காலின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட இருமடங்கு பாரத்தைச் சுமக்க நேரும். எலிக்கு மெல்லிய காலும் யானைக்குத் தூண் போன்ற காலும் இருப்பதன் காரணம் இதுவே.

கடைசியாக, சோதனை. விண்கலத்தை ஏற்றுமுன் அதன் எடையைப் போல் இருமடங்கு பாரத்தைத் தாங்கியின்மேல் ஓர் இரவு முழுதும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. பத்துக் கிலோ விண்கலத்திற்கு இருபது லிட்டர்த் தண்ணீர். வாளியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மறுநாள் காலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சட்டம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பறைக் கதவின் அகலத்தையும் மறவாமல் அளந்து கொள்ளுங்கள். வெளியே கொண்டுவர முடியாத தாங்கியைச் செய்துவிட்டுக் கதவைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆணிக்குப் பதிலாக மரையாணியால் முடுக்கினால், கழற்றி எடுத்துச் சென்று மீண்டும் பூட்டலாம்.

சிலர் கூறும் மறுப்புகள்

"பாட நேரம் வீணாகுமே" என்பர் சிலர். மேலே கூறியவற்றை மீண்டும் பாருங்கள். விகிதம், கோணம், பரப்பளவு, எடை, கொள்ளளவு என யாவும் தொடக்கப்பள்ளிக் கணக்குகளோ, அவற்றுக்கு அடுத்த படியோதான். கரும்பலகையில் முக்கோணத்தைப் பார்த்து உறங்கும் பிள்ளை, முக்கோணத்தினால் சட்டம் ஆடாமல் நிற்பதைக் கண்டால் விழித்துக்கொள்வான்.

"வாளும் உளியும் பிள்ளைகளுக்கு ஆபத்து" என்பர் வேறு சிலர். உண்மை. அறுப்பதும் துளையிடுவதும் பெரியவர் கையால் நடக்கட்டும். அளப்பதும், கோடு கிழிப்பதும், கணக்கிடுவதும், பூட்டுவதும் பிள்ளைகள் கையால் நடக்கட்டும். இங்கேதான் பெற்றோரை நான் வேண்டிக்கொள்கிறேன். உங்களுள் தச்சர் உண்டு. இரும்பு ஒட்டுபவர் உண்டு. திருவிழாவுக்குப் பந்தல் போடுபவர் உண்டு. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் உண்டு. "நான் படிக்காதவன், பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை?" என்று வாசலோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, பந்தக்காலை ஏன் இவ்வளவு ஆழத்தில் நடுகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தன் தந்தையின் தொழிலில் விஞ்ஞானம் இருக்கிறது என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்ளும் நாள், அவன் வாழ்வில் பெருநாள்.

"பணம் கொடுத்தால் கடையில் செய்து தருவார்களே" என்று சொல்பவர்களும் உண்டு. செய்து தருவார்கள். நன்றாகவும் இருக்கும். ஆனால் கற்றுக்கொண்டவர் கடைக்காரராகத்தான் இருப்பார்.

"பார்க்க வருபவர் தாங்கியையா பார்க்கப் போகிறார்?" என்பது நான்காவது மறுப்பு. இதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. கண்ணுக்குப் படாத வேலை தாழ்ந்த வேலை என்னும் எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. நன்றாகப் படிப்பவனுக்கு விண்கலம், பின்தங்கியவனுக்குப் பெட்டி என்று நான் பிரித்ததும் இவ்வெண்ணத்தினால்தான். பெருந்தேருக்குச் சிறிய அச்சாணியைச் சான்று காட்டி, உருவத்தைக் கண்டு எவரையும் இகழாதீர் என்று வள்ளுவர் கற்பித்தார். அக்குறளை மனப்பாடம் செய்வித்த நானே அதனைக் கைவிட்டேன்.

பள்ளிகளுக்கு மூன்று வேண்டுகோள்

ஆகவே, பள்ளிகளுக்கும் கண்காட்சி நடத்துவோருக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, மாதிரி செய்யும் வேலை தாங்கியின் வரைபடத்தோடு தொடங்கட்டும். வரைபடம் இல்லாத மாதிரிக்கு அனுமதி வேண்டா. இரண்டு, நடுவர்கள் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு தாங்கிக்கென ஒதுக்கப்படட்டும், "இது ஏன் விழாமல் நிற்கிறது?" என்று நடுவர் கேட்க, பிள்ளை விளக்கட்டும். மூன்று, இரு வேலைகளையும் எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறிச் செய்யட்டும். படிப்பில் முந்தியவன் உளியின் கூர்மையை அறியட்டும். பிந்தியவன் அளவுகோலின் அருமையை அறியட்டும்.

2019ஆம் ஆண்டில் இந்தியாவின் சந்திரயான் 2 அனுப்பிய தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அதன் கால்கள் அவ்விபத்திற்குக் காரணம் அல்ல. ஆயினும், அடுத்த கலத்தைச் செய்தபோது பொறியாளர்கள் மற்றக் குறைகளைத் திருத்தியதோடு கால்களையும் வலுப்படுத்தினர். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்குவதைத் தாங்கக்கூடிய கால்கள், 3 மீட்டர் வேகத்தையும் தாங்குமாறு ஆக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 அக்கால்களின்மேல் நிலவில் நின்றது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் இரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளே, இதனை நினைவில் வையுங்கள்.

இன்றும் நிற்பவை

நிலவில் இறங்கிய அப்போலோ கலம் இரண்டு பகுதிகள் உடையது. கீழ்ப்பகுதிக்கு நான்கு கால்கள். வீரர்கள் திரும்பிப் புறப்பட்டபோது மேற்பகுதி மட்டும் அவர்களை ஏற்றிக்கொண்டு எழும்பியது. கீழ்ப்பகுதி அதற்கு ஏவுமேடையாக இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. 1969ஆம் ஆண்டிலிருந்து 1972ஆம் ஆண்டுக்குள் ஆறு முறை இவ்வாறு நடந்தது. வீரர்கள் ஊர் திரும்பி மாலையும் மரியாதையும் பெற்றனர். அவர்களை அனுப்பி வைத்த ஆறு தாங்கிகளும் இன்றும் நிலவில்தான் இருக்கின்றன.

எங்கள் பள்ளியிலும் அவ்வாறே ஆயிற்று. விபத்துக்கு அடுத்த ஆண்டில் மீண்டும் அதே ராக்கெட்டைச் செய்தோம். இம்முறை முதல் வாரத்திலேயே தாங்கியைத் தொடங்கினோம். நான் கடிந்துகொண்ட அம்மாணவன் தன் தந்தையோடு நின்று அளந்தான். கணக்கை அவனே கரும்பலகையில் போட்டான். இரண்டு இடங்களில் பிழை இருந்தது. அவனே கண்டு திருத்தினான். கண்காட்சி நாளன்று முதலாம் ஆண்டுக் குழந்தைகள் எல்லாரையும் அழைத்து, "தொட்டுப் பாருங்கள், தள்ளியும் பாருங்கள்," என்றான். ராக்கெட் அசையவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் நின்ற அவன் தந்தை ஒன்றும் பேசவில்லை, தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ராக்கெட் மழை ஈரத்தில் நைந்து போயிற்று. தாங்கியை நான் அப்பள்ளியை விட்டு வரும்வரை பயன்படுத்தினோம். சரசுவதி பூசையன்று அதன்மேல்தான் படத்தை வைத்தோம்.

பெற்றோரே! விடியற்காலையில் எழுந்து வேலைக்காட்டுக்குச் செல்லும் நீங்கள்தாம் இப்பிள்ளைகளின் தாங்கி. ஆசிரியர்களாகிய நாங்கள் அதில் ஒரு குறுக்குச் சட்டம். பிள்ளைகள் எழும்பும் வரை தாங்குவோம். எழும்பும் நேரத்தில் முதல் ஆறு அங்குலத்திற்கு மெல்லப் பிடித்து, பிறகு மனமுவந்து விடுவோம். மாணவச் செல்வங்களே! நீங்கள் எவ்வளவு உயரம் சென்றாலும், எதன்மேல் நின்று புறப்பட்டீர்கள் என்பதை மறவாதீர்கள். அடுத்த கண்காட்சிக்கு விண்கலம் செய்ய உட்காரும்போது, முதல் கோட்டைத் தாளின் அடியில் போடுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க அறிவியல்!